மும்பை ஜன்னலில் நீலப் பூ: 'பல்லாண்டுச் செடி' ஏன் ஜூலையில் செத்துப்போகிறது, எப்படிக் காப்பாற்றலாம்?

பிப்ரவரி மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. செம்பூரில் ஒரு நர்சரி. தரையோடு படர்ந்து, வெள்ளிப் பச்சை இலைகளுக்கு நடுவே சின்னச் சின்ன நீலப் பூக்களோட ஒரு தொட்டி உங்க கண்ணில் படுகிறது. "வருஷம் பூரா பூக்கும், பெரினியல்" என்கிறார் கடைக்காரர். வாங்கிட்டு வந்து ஜன்னல் கிரில்லில் வைக்கிறீங்க. மார்ச், ஏப்ரல், மே மூணு மாசமும் தினமும் பூ. ஜூன் பாதியில் இலை மஞ்சளாகிறது. ஜூலையில் தண்டு கறுத்து, தொட்டவுடன் கையோடு வருகிறது.

"நமக்குச் செடி வளர்க்க ராசி இல்லை" என்று முடிவு பண்ணிடாதீங்க. கடைக்காரரும் பொய் சொல்லவில்லை. அந்தச் செடி உண்மையிலேயே பல ஆண்டு வாழக்கூடியதுதான். ஆனால் மும்பையில் அது தாண்ட வேண்டிய கண்டம் எது என்று உங்களிடம் யாரும் சொல்லவில்லை. அந்தக் கண்டம் வெயில் இல்லை, மழை.

தரையோடு படரும், நீலமாகப் பூக்கும், பல ஆண்டு வாழும் செடிகளை மாட்டுங்கா, செம்பூர், தாராவி போன்ற இடங்களின் ஜன்னலிலும் மொட்டைமாடியிலும் வளர்ப்பது எப்படி என்பதை இந்தக் கட்டுரையில் பார்க்கலாம்.

'பல்லாண்டுச் செடி' என்றால் என்ன அர்த்தம்?

ஒரே பருவத்தில் முளைத்து, பூத்து, விதைவிட்டு முடிந்துவிடும் செடி ஓராண்டுச் செடி. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாழ்வது பல்லாண்டுச் செடி. எப்போதும் பூத்துக்கொண்டே இருக்கும் என்ற உத்தரவாதம் அந்தப் பெயரில் கிடையாது. நமக்குத் தெரிந்த நல்ல உதாரணம் குறிஞ்சி. அது பல்லாண்டுச் செடிதான், ஆனால் 12 ஆண்டுக்கு ஒருமுறைதான் பூக்கும். 2006-ல் பூத்தது, பிறகு 2018-ல் பூத்தது. மும்பைக்கும் குறிஞ்சியின் உறவுக்காரச் செடி ஒன்று உண்டு. சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவில் வளரும் கார்வி 8 ஆண்டுக்கு ஒருமுறை நீல ஊதாவாகப் பூக்கும். 2008, 2016, 2024 என்று அதன் கணக்கு ஓடுகிறது. பூத்து விதைவிட்டதும் அந்தச் செடி செத்துவிடும்.

குளிர் நாடுகளில் எழுதப்பட்ட தோட்டக்கலைக் குறிப்புகளில் 'பெரினியல்' என்ற சொல்லுக்குள் இன்னொரு அர்த்தமும் ஒளிந்திருக்கும். "பனிக்காலத்தைத் தாங்கி, வசந்தத்தில் மறுபடி துளிர்க்கும்" என்பதே அது. அங்கே செடிக்கு வரும் பெரிய சோதனை பனி. அதனால் 'குளிரைத் தாங்குமா' என்பதுதான் லேபிளில் முதல் தகவலாக இருக்கும்.

மும்பையில் அந்தத் தகவலால் உபயோகம் இல்லை. சாந்தாக்ரூஸ் வானிலை நிலையத்தில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 7.4 டிகிரி செல்சியஸ்தான், அதுவும் 1962 ஜனவரியில். உறைபனி என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை. பனிக்காலம் அங்கே செய்யும் வேலையை இங்கே மழைக்காலம் செய்கிறது. செடியைச் சோதிப்பதும், பலவீனமானதைக் கொல்வதும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நாலு மாசம். ஆகவே ஒரு செடியை வாங்கும்போது நீங்க கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இது மும்பை மழையைத் தாங்குமா?"

ஒரு தொட்டிக்குள் எவ்வளவு மழை விழுகிறது?

கொஞ்சம் கணக்குப் போட்டால் விஷயம் பளிச்சென்று புரியும்.

சாந்தாக்ரூஸ் நிலையத்தின் நீண்டகாலச் சராசரிப்படி ஜூன் முதல் செப்டம்பர் வரை 2,200 மி.மீ.க்கும் மேல் மழை பெய்கிறது. ஜூலை மாசம் மட்டும் 800 மி.மீ.க்கு மேல். ஒப்பிட்டுப் பாருங்க. சென்னையின் ஒரு வருஷ மழை சுமார் 1,400 மி.மீ. லண்டனில் ஒரு வருஷத்துக்குச் சுமார் 600 மி.மீ.தான். லண்டன் 12 மாசத்தில் பார்க்கும் மழையை மும்பை ஜூலையிலேயே தாண்டிவிடுகிறது.

1 மி.மீ. மழை என்றால் 1 சதுர மீட்டர் பரப்பில் 1 லிட்டர் தண்ணீர். 10 இன்ச் தொட்டியின் வாய் ஒரு சதுர மீட்டரில் ஏறக்குறைய 20-ல் ஒரு பங்கு. திறந்த வெளியில் வைத்தால் ஜூலையில் மட்டும் அந்தத் தொட்டிக்குள் சுமார் 40 லிட்டர் விழும். முழுப் பருவத்துக்கு 110 லிட்டர். ஆனால் அந்தத் தொட்டி மொத்தமாகப் பிடிக்கும் மண்ணே சுமார் 8 லிட்டர்தான். 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. பெய்தது நினைவிருக்கும். அன்றைக்கு ஒரே நாளில் அதே தொட்டிக்குள் 47 லிட்டர்.

வேருக்குத் தண்ணீர் மாதிரியே காற்றும் வேண்டும். மண் துகள்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில் தண்ணீர் நின்றுவிட்டால் ஆக்சிஜன் உள்ளே போக முடியாது. காற்றில் பரவுவதைவிட தண்ணீரில் ஆக்சிஜன் சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. வேர் மூச்சுத்திணறி அழுக ஆரம்பிக்கும். ஈர மண்ணில் செழிக்கும் பித்தியம், ஃபைட்டோஃப்தோரா போன்ற பூஞ்சை மாதிரி உயிரிகள் மிச்ச வேலையை முடித்துவிடும்.

இதில் நாம் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால் மண் சொதசொதவென்று இருந்தாலும் இலை வாடித் தொங்கும். பார்க்கிறவர் "பாவம், தாகமா இருக்கு" என்று இன்னும் ஒரு மக் ஊற்றுவார். செடியின் கதை அதோடு முடிந்துவிடும்.

எந்தச் செடியை வாங்குவது?

மும்பையில் நீலத் தரைச்செடி என்றால் பெரும்பாலும் கைக்குக் கிடைப்பது எவால்வுலஸ் குளோமெரேட்டஸ். நர்சரியில் 'எவால்வுலஸ்' அல்லது 'ப்ளூ டேஸ்' என்று கேளுங்க. பூர்வீகம் பிரேசில். 20 முதல் 30 செ.மீ. உயரம்தான் வளரும், ஆனால் அதைப்போல் இரண்டு மடங்கு அகலம் படரும். இலையில் மெல்லிய ரோமம் இருப்பதால் வெள்ளிப் பூச்சு மாதிரி தெரியும். உப்புக்காற்றைத் தாங்கும் என்பதால் கடலோர நகரங்களுக்குத் தோதானது. வெயில் எவ்வளவு அடித்தாலும் பிரச்சினை இல்லை. அதற்கு ஆகாத ஒரே விஷயம் ஈரத்தில் நிற்கும் வேர்.

இதன் இந்தியச் சொந்தக்காரரை உங்க பாட்டிக்கு நல்லாத் தெரிந்திருக்கும். அதுதான் விஷ்ணுகிராந்தி. தாவரவியல் பெயர் எவால்வுலஸ் அல்சினாய்டிஸ். தமிழ்நாட்டின் செம்மண் தரிசிலும் மணல் நிலத்திலும் தானாக வளரும். பூ ஒரு சென்டிமீட்டர்கூட வராது, ஆனால் நீலம் கண்ணைப் பிடித்து இழுக்கும். சித்த மருத்துவத்தில் மூலிகை. கேரளத்தின் தசபுஷ்பம் என்ற பத்துப் பூக்களில் ஒன்று. பிள்ளையார் சதுர்த்திக்குப் படைக்கும் 21 இலைகளின் பட்டியலிலும் அதன் பெயர் இருக்கிறது. மராத்தியிலும் விஷ்ணுகிராந்தா என்றே சொல்வார்கள். நீங்க வேலைக்காக மும்பை வந்தபோது இங்கே ஏற்கெனவே இருந்த தெரிந்த முகம் இது.

'எவால்வுலஸ்' என்ற பெயருக்கு லத்தீனில் 'சுருள் பிரிந்தது' என்று பொருள். அது சேர்ந்திருக்கும் குடும்பத்தில் பல செடிகள் எதையாவது சுற்றி ஏறும் கொடிகள். இது மட்டும் சுற்றாது, படரும். கம்பு, கயிறு எதுவும் கட்ட வேண்டியதில்லை.

வாங்கும்போது ஒரு பெயர்க் குழப்பம் வரும். வடக்கே 'சங்க்புஷ்பி' என்ற பெயரில் குறைந்தது மூன்று வெவ்வேறு செடிகள் விற்கப்படுகின்றன. விஷ்ணுகிராந்தி ஒன்று. வெளிர் நிறத்தில் பூக்கும் கான்வால்வுலஸ் இன்னொன்று. மூன்றாவது நமக்குத் தெரிந்த சங்குப்பூக் கொடி. ஆன்லைனில் அந்தப் பெயரை மட்டும் பார்த்து ஆர்டர் செய்தால், தரையில் படரும் செடிக்குப் பதிலாக கிரில்லைச் சுற்றி ஏறும் கொடி வரலாம். படத்தையும் தாவரவியல் பெயரையும் சேர்த்துப் பாருங்க.

இன்னொரு எச்சரிக்கை. ப்ளூ டேஸ் வேறு, மூலிகை விஷ்ணுகிராந்தி வேறு. நர்சரிச் செடியில் பூச்சிமருந்து அடித்திருப்பார்கள். இரண்டையும் கண்ணால் ரசிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்க. கஷாயம் போடுவதற்கு இது வழிகாட்டி இல்லை.

மழைக்காலத்துக்கு நீலம் வேண்டாமா?

எவால்வுலஸ் ஒதுங்கி நிற்கும் நாலு மாசத்துக்கு, ஈரத்தை விரும்பும் செடிகளை ஜோடி சேர்க்கலாம்.

முதலாவது நீர்ப்பிரம்மி. சதுப்பு நிலத்தில் படரும் செடி. சதைப்பற்றான சின்ன இலை, வெள்ளை கலந்த வெளிர்நீலப் பூ. தொட்டியில் தண்ணீர் தேங்கினாலும் சந்தோஷமாக இருக்கும். 'பிரம்மி' என்று மட்டும் கேட்டால் சில இடத்தில் வல்லாரையைக் கொடுத்துவிடுவார்கள். வல்லாரை இலை வட்டமாக, சிறுநீரக வடிவில் இருக்கும். நீர்ப்பிரம்மி இலை ஒரு சென்டிமீட்டர் அளவில் நீள்முட்டையாக இருக்கும். மண்ணிலும் நீரிலும் உள்ள கன உலோகங்களை இழுத்துக்கொள்ளும் குணம் இதற்கு உண்டு. ஆகவே தொழிற்சாலைப் பகுதியில் வளர்த்ததை வாயில் வைக்காதீங்க.

இரண்டாவது குட்டை ருயெல்லியா. ஊரில் சின்ன வயசில் காய்ந்த காயைத் தண்ணீரில் போட்டு 'பட்' என்று வெடிக்க வைத்திருப்பீங்களே, அந்தப் பட்டாசுக்காய்ச் செடியின் உறவு. ஊதா கலந்த நீலப் பூ. வெயில், மழை இரண்டையும் தாங்கும். விதை வெடித்துப் பக்கத்துத் தொட்டியிலெல்லாம் முளைக்கும் என்பதால், காய் முற்றும் முன்னே கிள்ளிவிடுங்க.

மூன்றாவது கானாவாழை. இதை வாங்கவே வேண்டாம். முதல் மழைக்குப் பிறகு சுவரோரத்திலும் உங்க தொட்டியிலும் தானாக முளைக்கும். மராத்தியில் 'கேனா' என்பார்கள். மழைக்காலக் காட்டுக்கீரையாகச் சமைப்பதும் உண்டு. களை என்று பிடுங்குவதற்கு முன் காலையில் அதன் நீலத்தை ஒருமுறை பாருங்க.

எதை வாங்கக் கூடாது?

சமூக ஊடகத்தில் நீலக் கம்பளம் விரித்த மாதிரிச் சுற்றிவரும் படங்களில் பெரும்பாலும் இருப்பவை கிரீப்பிங் ஃப்ளாக்ஸ், லித்தோடோரா, அஜுகா, ஃபர்கெட் மீ நாட் போன்ற குளிர்நாட்டுச் செடிகள். ஊட்டியில் முயற்சி செய்யலாம். ஈரப்பதமும் வெப்பமும் சேர்ந்த மும்பையில் அவை பல்லாண்டு வாழாது. லோபீலியாவை டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ரசிக்கும் சீசன் செடியாக மட்டும் வாங்கலாம்.

'நீல ரோஜா விதை' என்று விற்கும் பாக்கெட்டுகளை அடியோடு தவிருங்க. பூக்களில் நீலம் அபூர்வம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. டெல்ஃபினிடின் வகை நிறமி வேண்டும், பூவின் செல்லுக்குள் அமில அளவு சரியாக இருக்க வேண்டும், பல பூக்களில் உலோக அயனியும் கூடவே இருக்க வேண்டும். ரோஜாவுக்கு அந்த நிறமியை உருவாக்கும் என்சைமே கிடையாது. ஜப்பானின் சன்டோரி நிறுவனம் மரபணு மாற்றம் செய்து 2009-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த 'நீல' ரோஜாகூட வெளிர் ஊதாவாகத்தான் இருந்தது. விதை பாக்கெட்டில் உள்ள மின்னும் நீலம் கம்ப்யூட்டரில் பூசியது.

உங்க ஜன்னல் எந்தப் பக்கம் பார்க்கிறது?

எவால்வுலஸுக்கு ஆறு மணி நேரம் நேரடி வெயில் வேண்டும். குறைந்தால் இலை வளரும், பூ வராது.

மும்பை 19 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஆகஸ்ட் முதல் மே முற்பகுதி வரை நண்பகல் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். மே நடுவிலிருந்து ஜூலை கடைசி வரை மட்டும் வடக்கே நகரும். எனவே பூக்கும் பருவத்தில் தெற்கு ஜன்னலுக்குத்தான் நீண்ட நேரம் வெயில். கிழக்கு ஜன்னலுக்குக் காலை வெயிலும் மேற்கு ஜன்னலுக்கு மதிய வெயிலும் கிடைக்கும். வடக்கு ஜன்னல் மட்டும்தான் இருக்கிறது என்றால் எவால்வுலஸை விட்டுவிட்டு நீர்ப்பிரம்மியை முயற்சி பண்ணுங்க.

திசை மட்டும் பார்த்தால் போதாது. பக்கத்தில் எழும்பிய புது டவர் உங்க வெயிலை மறைக்கலாம். லீவு நாளில் காலை 8 முதல் மாலை 5 வரை மணிக்கு ஒரு போட்டோ எடுங்க. தொட்டி வைக்கும் இடத்தில் வெயில் விழுந்த போட்டோக்களை எண்ணினால் உங்க ஜன்னலின் உண்மையான கணக்கு கிடைத்துவிடும்.

தென்மேற்குப் பருவக்காற்று மழையைச் சாய்வாக அடித்துக்கொண்டு வரும் என்பதால் மேற்கு, தெற்கு ஜன்னல்கள்தான் அதிகம் நனையும். வெயிலுக்கு நல்ல ஜன்னலே மழைக்கு மோசமான ஜன்னல். அதனால்தான் ஜூனில் தொட்டியை இடம் மாற்ற வேண்டியிருக்கிறது.

ஆபீஸ் போகிறவர்களுக்கு ஒரு தகவல். ப்ளூ டேஸ் பூ காலையில் விரிந்து மதியத்துக்குப் பிறகு மூடிக்கொள்ளும். ஒவ்வொரு பூவுக்கும் ஆயுள் ஒரே நாள். மேகமூட்டமான நாளில் விரியாமலே போகலாம். ராத்திரி எட்டு மணிக்கு வீடு திரும்பி "பூவே இல்லையே" என்று பதறாதீங்க. காபி குடிக்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில் வைத்தால் பூவைப் பார்த்துவிட்டு ரயிலைப் பிடிக்கலாம்.

தொட்டி, மண், எடை

தொட்டிக்கு தாராவி கும்பார்வாடாவுக்குப் போங்க. சௌராஷ்டிராவிலிருந்து வந்த குயவர் குடும்பங்கள் தலைமுறைகளாக மண்பாண்டம் செய்யும் இடம், 90 அடி சாலைப் பக்கம். மெருகு பூசாத மண்தொட்டியின் சுவர் வழியாகவே ஈரம் ஆவியாகும். பிளாஸ்டிக்கில் அது நடக்காது. மழையில் ஈரத்தை விரட்டுவதுதான் நம்ம பிரச்சினை என்பதால் இந்தச் செடிக்கு மண்தொட்டிதான் சரி. பெயின்ட் அடித்த தொட்டி அழகாக இருக்கும், ஆனால் அந்தச் சுவாசம் போய்விடும்.

மண் கலவை: செம்மண் 2 பங்கு, பெருமணல் அல்லது பெர்லைட் 2 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு. நர்சரியில் 'லால் மிட்டி' என்று கேட்டால் செம்மண் கிடைக்கும். பெருமணல் கிடைக்காவிட்டால் உடைத்த செங்கல் பொடிக்கல் போதும். தேங்காய் நார்த்தூள் ஈரத்தைப் பிடித்து வைக்கும், அதனால் இந்தச் செடிக்கு வேண்டாம்.

தொட்டியின் அடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்பது நம்மில் பலரின் நம்பிக்கை. உண்மையில் நடப்பது வேறு. நுண்ணிய மண்ணிலிருந்து தண்ணீர் பெரிய கற்களுக்குள் சுலபமாக இறங்காது. மண்ணின் அடிப்பகுதியிலேயே தேங்கும். ஜல்லி எவ்வளவு உயரமோ, அவ்வளவு உயரம் அந்த ஈரப்பகுதி மேலே, வேருக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஓட்டை அடைக்காமல் இருக்க ஒரே ஒரு ஓட்டுச்சில்லு போதும். தொட்டி முழுக்க ஒரே கலவையை நிரப்புங்க.

கிரில்லில் வைப்பவர்கள் எடையையும் பார்க்கணும். ஈரமான மண் லிட்டருக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் இருக்கும். 8 லிட்டர் பிடிக்கும் தொட்டி 12 கிலோவைத் தாண்டும். ஐந்து தொட்டி என்றால் 60 கிலோ. ஒரு ஆள் உங்க கிரில் மேல் நிற்கிற மாதிரி. கிரில் துருப்பிடித்திருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்க, 6 இன்ச் தொட்டிக்கு மாறுங்க, கம்பியால் கட்டுங்க. தொட்டியைச் சுவர் விளிம்பில் சும்மா வைக்கவே வைக்காதீங்க. கீழே ஆள் நடக்கும் ஊர் இது. வாடகை வீடு என்றால் சொசைட்டி விதியையும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்க.

தண்ணீர் எப்போது, எவ்வளவு?

'தினமும் ஒரு மக்' என்ற கணக்கை மறந்துடுங்க. விரலை மண்ணுக்குள் இரண்டாவது கணு வரை விடுங்க. காய்ந்திருந்தால் அடி ஓட்டை வழியாக வடியும்வரை ஊற்றுங்க. ஈரமாக இருந்தால் விட்டுவிடுங்க. ஏப்ரல், மேயில் தினமும் தேவைப்படலாம். டிசம்பரில் மூன்று நாளைக்கு ஒருமுறை போதும். மழைக்காலத்தில் வாரம் முழுக்க ஒரு சொட்டும் தேவைப்படாமல் போகலாம்.

தொட்டிக்கு அடியில் உள்ள தட்டை மழைக்காலத்தில் எடுத்துவிடுங்க. வேருக்கும் நல்லது, கொசுவும் வராது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏழிலிருந்து பத்து நாள் போதும். மாநகராட்சி ஊழியர்கள் பருவமழையில் வீட்டுக்கு வந்து பார்க்கும் முதல் இடங்களில் பூந்தொட்டித் தட்டும் ஒன்று.

மாதவாரி வேலைப் பட்டியல்

வானிலைத் துறை 2020-ல் திருத்திய அட்டவணைப்படி மும்பையில் பருவமழை தொடங்கும் வழக்கமான தேதி ஜூன் 11. விலகும் தேதி அக்டோபர் 8. இந்த இரண்டு தேதிகளை வைத்துத்தான் செடியின் வருஷத்தைத் திட்டமிடணும்.

மே முதல் பாதி: பதியன் எடுங்க. பூ இல்லாத நுனித் தண்டை 8 முதல் 10 செ.மீ. நீளத்தில் வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, ஈர மணலில் நடுங்க. நேரடி வெயில் படாத வெளிச்சமான இடத்தில் சுமார் மூன்று வாரத்தில் வேர் பிடிக்கும். தாய்ச்செடி மழையில் போனாலும் பிள்ளை இருக்கும். இதுதான் உங்க இன்ஷூரன்ஸ், பிரீமியம் பத்து நிமிஷம்.

மே கடைசி வாரம்: செடியை மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிடுங்க. நடுப்பகுதியில் காற்று புகணும். உரத்தை நிறுத்துங்க. தொட்டியைச் சஜ்ஜாவுக்கு அடியிலோ, மழை அடிக்காத வெளிச்சமான ஜன்னலுக்கோ மாற்றுங்க.

ஜூன் முதல் செப்டம்பர்: பூவை எதிர்பார்க்காதீங்க. உயிரோடு இருந்தால் போதும். வாரம் ஒருமுறை கறுத்த தண்டையும் உதிர்ந்த இலையையும் எடுத்துவிடுங்க. தொட்டிகளுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி விடுங்க. உள்ளே நகர்த்த இடமில்லை என்றால் தொட்டியைச் செங்கல் மேல் சாய்த்து வைத்தாலும் தண்ணீர் சீக்கிரம் வடியும்.

அக்டோபர்: மழை விலகியதும் மேல்மண்ணைக் கொத்தி, ஒரு கைப்பிடி மண்புழு உரம் போட்டு, ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக முழு வெயிலுக்குக் கொண்டுவாங்க. நாலு மாசம் நிழலில் இருந்த செடியை நேராக அக்டோபர் வெயிலில் வைத்தால் இலை கருகும்.

நவம்பர் முதல் ஏப்ரல்: பூக்கும் பருவம். மாசத்துக்கு ஒரு கைப்பிடி உரம் போதும். யூரியா மாதிரி நைட்ரஜன் உரம் போட்டால் இலைதான் கொழுக்கும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை நுனியைக் கிள்ளினால் பக்கக்கிளை வந்து அடர்த்தியாகும். கட்டுமானத் தூசி அதிகமுள்ள தெருவில் இருந்தால் ரோமம் உள்ள இலையில் படிந்துவிடும். வாரம் ஒருமுறை காலையில் லேசாகத் தண்ணீர் தெளித்துக் கழுவுங்க. மாலையில் வேண்டாம், ராத்திரி முழுக்க இலை ஈரமாக இருந்தால் பூஞ்சை வரும்.

அடிக்கடி வரும் சந்தேகங்கள்

இலை வாடுகிறது, தண்ணீர் ஊற்றலாமா? முதலில் விரலால் மண்ணைப் பாருங்க. மண் காய்ந்திருந்தால் ஊற்றுங்க. ஈரமாக இருந்தால் வேர் அழுகல் ஆரம்பித்திருக்கிறது. செடியை மண்ணோடு எடுத்து, கறுத்த வேரை வெட்டிவிட்டு, புதுக் கலவையில் நடுங்க. நல்ல நுனி இருந்தால் கூடவே பதியனும் போடுங்க.

நடுவில் வழுக்கை விழுந்து ஓரத்தில் மட்டும் பூக்கிறதே? வயசான செடிக்கு அது இயல்பு. இரண்டு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பதியனிலிருந்து புதுச்செடி ஆரம்பியுங்க.

ஊரிலிருந்து விஷ்ணுகிராந்தியைப் பிடுங்கிட்டு வரலாமா? வேண்டாம். அதன் ஆணிவேர் ஆழமாக, கட்டையாக இருக்கும். பிடுங்கி நட்டால் பெரும்பாலும் பிழைக்காது. விதை சேகரியுங்க. விதைத்தோல் கெட்டி என்பதால் உப்புத்தாளில் லேசாக உரசி, ஒரு ராத்திரி ஊறவைத்து விதைக்கலாம். தேசியப் பூங்காவுக்குள்ளிருந்து செடி எடுப்பது சட்டப்படி குற்றம் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க.

ஒரு மாலை நேரம் கிடைத்தால் தாராவி ஓரத்தில், மித்தி நதிக்கரையில் இருக்கும் மகாராஷ்டிரா நேச்சர் பார்க்குக்குப் போய்ப் பாருங்க. நகரத்தின் குப்பைமேடாக இருந்த இடம் அது. சுமார் 37 ஏக்கர். 1994-ல் பூங்காவாகத் திறக்கப்பட்டு, இன்றைக்குக் காடாக நிற்கிறது. இந்த மண்ணுக்கும் இந்த மழைக்கும் தோதான செடி எது என்று கேட்டு நட்டால் குப்பைமேட்டிலும் வேர் பிடிக்கும். உங்க கிரில்லில் இருக்கும் ஒரு தொட்டிக்கும் அதே கேள்விதான்.

இப்போதே போனில் இரண்டு ரிமைண்டர் போட்டுவிடுங்க. மே 5: பதியன் எடுக்கணும். மே 25: வெட்டி, உள்ளே நகர்த்தணும். இந்த இரண்டையும் தவறவிடாவிட்டால் அடுத்த நவம்பரில் நீங்க புதுச்செடி வாங்க வேண்டியிருக்காது.